120 நெகற்றிவுக்கு ஹோல்டர்: அரை மில்லிமீற்றர் விசயம்

ஸ்கானர் பெட்டியில் 6400 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) என்று கொட்டை எழுத்தில் அடித்திருப்பார்கள். எப்சன் வி600 ஒன்றில் 120 பிலிமின் 6×6 நெகற்றிவை, அதாவது 56 மில்லிமீற்றர் சதுரப் படத்தை, அந்த அளவிலேயே ஓடவிட்டால் பக்கத்துக்கு 14,000 பிக்சலுக்கு மேல் வரும். 48 பிற் நிறத்தில் கோப்பு 1.2 கிகாபைற் ஆகும். அதற்குள் இருக்கும் உண்மையான விபரமோ 1500, 1600 டி.பி.ஐ.க்கு உரியதுதான். வி700, வி850 போன்ற பெரிய மெசின்கள் 2300 அளவுக்குப் போகும். மிச்சமெல்லாம் வெறும் கோப்புப் பருமன். 2400இல் ஸ்கான் செய்தாலே 6×6க்கு 5290 பிக்சல் சதுரம் கிடைக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் பதினேழரை அங்குலப் பிரதி போட அது போதும்.

அந்த 1500ஐக்கூட முழுதாக எடுக்கவிடாமல் தடுப்பது அநேகமாக ஸ்கானர் அல்ல, பிலிமைப் பிடித்திருக்கும் ஹோல்டர்.

35 மில்லிமீற்றர் பிலிம் ஒடுங்கல், இரண்டு கரையிலும் பிடித்தால் நடு பெரிதாக வளையாது. 120 பிலிமின் அகலம் ஏறத்தாழ 61.5 மில்லிமீற்றர். அதில் படம் 56 மில்லிமீற்றரை எடுத்துக்கொள்ள, பிடிப்பதற்குக் கரைக்கு இரண்டரை மில்லிமீற்றர்தான் மிஞ்சும். அந்தச் சின்னக் கரையில் தாங்கி நிற்கும் பிலிம் எமல்ஷன் (படம் பதிந்த பூச்சு) பக்கமாகக் குழியும். நடுப்பகுதி ஒரு மில்லிமீற்றர் இறங்குவதோ ஏறுவதோ சாதாரணம். ஆட்டோபோகஸ் இல்லாத ஸ்கானருக்கு அந்த ஒரு மில்லிமீற்றரே போதும், நடுவிலிருக்கும் முகம் மங்கி, ஓரத்துச் சுவர் மட்டும் கூராக விழ.

ஆகவே ஹோல்டருக்கு வேலை இரண்டு: பிலிமைத் தட்டையாக வைத்திருப்பது, அதைச் சரியான உயரத்தில் வைத்திருப்பது. காந்தமூடி, அலுமினிய உடல், அழகான பெட்டி எல்லாம் அதற்குப் பிறகு பார்க்கிற விசயங்கள்.

உயரத்தை முதலில் அளவுங்கள்

வி600இன் லென்ஸ் நிலையானது. ஸ்கானர் கண்ணாடிக்கு மேலே இரண்டு, மூன்று மில்லிமீற்றரில் ஏதோவொரு தளத்தில்தான் அது கூராகப் பார்க்கும். அந்தத் தளம் மெசினுக்கு மெசின் கொஞ்சம் வித்தியாசப்படும். கூட வரும் ஹோல்டரின் உயரத்தையும் மாற்ற முடியாது. வி700, வி750 ஹோல்டர்களின் மூலைகளில் கழற்றித் திருப்பிப் போடக்கூடிய சின்னக் கால்கள் இருக்கின்றன. அவற்றால் மூன்று உயரம் வைக்கலாம். வி800, வி850 ஹோல்டர்களில் நகர்த்தி மாற்றும் கால்களும் நியூட்டன் வளையம் (பிலிம் கண்ணாடியில் பட்டால் தெரியும் வானவில் கறை) தடுக்கும் அக்ரிலிக் தகடும் சேர்ந்தே வரும். பலர் கால்களைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

உயரத்தைக் கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடப் பிள்ளையின் 15 சென்ரிமீற்றர் அடிமட்டம் ஒன்று போதும். நிறமற்ற, வளையாத பிளாஸ்ரிக் அடிமட்டமாகப் பார்த்து எடுங்கள். கோடுகள் அச்சடித்த பக்கம் கீழே, ஸ்கானர் கண்ணாடியைப் பார்த்தபடி இருக்கவேண்டும். பூச்சிய முனை கண்ணாடியில் தொடட்டும். 15 முனையின் கீழே 5 மில்லிமீற்றர் முட்டுக் கொடுங்கள். 80 கிராம் ஏ4 தாள் பத்து அடுக்கினால் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர், ஐம்பது தாளைக் கீறி அடுக்கினால் ஐந்து. இப்போது அடிமட்டத்தில் ஒவ்வொரு 3 சென்ரிமீற்றருக்கும் உயரம் ஒரு மில்லிமீற்றர் கூடும். மூடியின் வெள்ளைத் தகட்டைக் கழற்றி, பிலிம் முறையில், கூராக்கும் வசதியை நிறுத்திவைத்து 2400இல் ஸ்கான் செய்யுங்கள். திரையில் 100 வீதத்துக்குப் பெருப்பித்துக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் அவை மிகக் கூராக நிற்கும். அது 8.4 சென்ரிமீற்றரில் என்றால் உங்கள் ஸ்கானரின் போகஸ் தளம் 2.8 மில்லிமீற்றர். மூன்று தரம் செய்து சராசரி எடுங்கள். அடிமட்டம் நடுவில் தொய்ந்திருந்தால் கணக்குப் பிழைக்கும்.

இதில் இரண்டு பொறி இருக்கிறது. முதலாவது, வி700 வகை மெசின்களுக்குள் லென்ஸ் இரண்டு. மென்பொருளில் ‘பிலிம் ஹோல்டருடன்’ என்ற தெரிவு ஒன்றையும், ‘பிலிம் ஏரியா கைட்’ என்ற தெரிவு கண்ணாடித் தளத்தைப் பார்க்கும் மற்றதையும் எடுக்கும். தெரிவு மாறினால் அளந்த உயரத்துக்கு அர்த்தமே இல்லை. இரண்டாவது, ஹோல்டரின் ஒரு முனையில் ஒன்றுமில்லாத ஒரு நீட்டுத் துவாரம் இருக்கும். ஸ்கானர் தன் வெளிச்சத்தை அளந்து சரிசெய்வது அந்த இடைவெளியால்தான். அடிமட்டமோ தாளோ, கையால் செய்த ஹோல்டரின் மட்டையோ அதை மறைத்தால் படம் முழுக்க நெடுங்கோடு விழும், நிறமும் பிசகும். மெசின் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முதல் அந்தத் துவாரத்தில் தும்பு கிடக்கிறதா என்று பாருங்கள்.

உயரம் தெரிந்தால் மிச்சம் சுகம். ஹோல்டர் பதிவாக இருந்தால் நான்கு மூலையிலும் ஒரேயளவு தாள் ஒட்டி உயர்த்தலாம். உயரமாக இருந்தால் கால்களைக் கண்ணாடியில் விரித்த எமரி பேப்பரில் தேய்த்துப் பதிக்கவேண்டும், அல்லது புது ஹோல்டர்தான். 0.2 மில்லிமீற்றருக்குக் கீழே மினக்கெட வேண்டாம். வி600 அந்த வித்தியாசத்தைக் காட்டாது.

எமல்ஷன் லென்ஸைப் பார்க்கட்டும்

பிலிமைத் தட்டையாக்கக் கண்ணாடி வைத்தவுடன் வரும் அடுத்த கரைச்சல் நியூட்டன் வளையம். வழுவழுப்பான இரண்டு மேற்பரப்புகளுக்கு நடுவில் நூலிழை அளவு காற்றிடைவெளி இருந்தால், இரண்டிலும் தெறிக்கும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிட்டு வானவில் வளையமாகத் தெரியும். கறுப்பு வெள்ளையில் அது அலைபோன்ற கோடாக விழும். பிலிமின் பளபளப்பான பக்கம், அதாவது அடிப்பக்கம், சாதாரண கண்ணாடியில் பட்டால் அநேகமாக வரும். எமல்ஷன் பக்கம் மங்கல், ஆகையால் அது பட்டால் வருவது குறைவு.

அதனால் ஒரேயொரு விதியை மனதில் வைத்தால் போதும்: எமல்ஷன் எப்போதும் லென்ஸைப் பார்க்கட்டும், அதற்கு முன்னால் வெறுங்காற்று இருக்கட்டும்; பளபளப்பான பக்கத்துக்குப் பின்னால் சொரசொரப்பான கண்ணாடி வரட்டும். ஸ்கானரில் லென்ஸ் கீழே இருப்பதால் எமல்ஷன் கீழே. எமல்ஷன் பக்கமாகக் குழியும் பிலிம் அப்போது கவிழ்த்த கிண்ணம்போல நடு உயர்ந்து நிற்கும். மேலே வைக்கும் கண்ணாடி தன் பாரத்தாலேயே அதை அமர்த்திவிடும். கமராவால் எடுப்பவருக்கு லென்ஸ் மேலே, எனவே எமல்ஷனும் மேலே. குழிந்த பிலிமின் கரைகள்தான் கிளம்பும், அவற்றைச் சட்டத்தால் அழுத்தினால் பிலிம் கீழேயுள்ள கண்ணாடியில் படுத்துவிடும். இரண்டு முறையிலும் லென்ஸுக்கும் படத்துக்கும் இடையில் கண்ணாடி இல்லை, அதில் ஒட்டும் தூசும் இல்லை.

எப்சன் கையேடு பளபளப்பான பக்கத்தைக் கீழே வைக்கச் சொல்லும். அப்படி வைத்தால் படம் இடம்வலம் மாறாமல் வரும் என்பதுதான் அதன் ஆதாயம். ஆனால் தொய்வு கீழ்நோக்கிப் போகும், அதைப் பிடிக்க வழியில்லை. மென்பொருளில் ‘மிரர்’ என்ற ஒரு சொடுக்கோடு தீரும் காரியத்துக்காகத் தட்டையை விட்டுக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சொரசொரப்புக் கண்ணாடியை வெளிநாட்டில் இதற்கென்றே விற்கிறார்கள். சொந்தக்காரர் யாராவது வரும்போது எடுப்பிக்கலாம், சூட்கேசில் உடையாமல் வந்தால். இங்கே யாழ்ப்பாணத்தில் சுவாமிப்படத்துக்கும் கலியாணப் படத்துக்கும் பிரேம் போடும் கடைகளில் கிடைக்கும் மினுங்காத கண்ணாடி, 2 மில்லிமீற்றர் தடிப்பில், பாதி வேலைக்குப் பரவாயில்லை. அதன் சொரசொரப்பு ஒரு பக்கத்திலா இரண்டிலுமா என்று நகத்தால் உரசிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்கம்தான் பிலிமைத் தொடவேண்டும். சில கண்ணாடி மிகவும் முரடு. வானம், வெள்ளைச் சுவர் போன்ற வெறும் பகுதிகளில் அதன் புள்ளிகள் பிலிமின் கிறெயின் (துகள்)போலத் தெரியும். கண்ணாடியை மட்டும் வைத்து ஒன்று, பிலிமோடு ஒன்று என்று ஸ்கான் செய்து பார்த்தால் எது கண்ணாடி, எது கிறெயின் என்று பிடிபடும். வெட்டிய விளிம்பை நனைத்த எமரி பேப்பரில் மழுக்காமல் பிலிமுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம்.

மாரி தொடங்கி ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரப்பதன் ஏறும்போது வளையம் கூடும். பிலிம் இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வதுதான் காரணம். அந்த நாட்களில் பிலிமைக் கண்ணாடிக்கு நடுவில் இரவு முழுக்க விட்டுவைத்தால் எமல்ஷனில் பளபளத்த திட்டு விழலாம். அது பிறகு போகாது. சோளகக் காலத்தில் கதை மறுபக்கம்: ஈரம் குறைவு, தூசு அதிகம். வலிகாமத்துச் செம்மண் தூசு பிலிமில் உட்கார்ந்தால் துணியால் துடைக்கவே கூடாது, கீறும். றப்பர் ஊதியால் ஊதிப் போக்குங்கள். ஃபானை நிறுத்திவிட்டு, ஐந்து நிமிசம் தூசு அடங்க விட்டுத் தொடங்குங்கள். வேர்க்கும்தான், என்ன செய்வது.

துண்டு நெகற்றிவ் என்ற தலையிடி

சந்தையில் உள்ள ஹோல்டர்களில் அநேகம் மூன்று நான்கு படம் சேர்ந்த பட்டியை நினைத்துச் செய்தவை. 6×6இல் ஒரு றோலுக்கு 12 படம். மூன்று மூன்றாக வெட்டினால் நான்கு பட்டி, ஹோல்டருக்கும் உறைக்கும் சரியாக வரும். 6×4.5இல் 15 அல்லது 16, 6×7இல் 10, 6×9இல் 8. புதிதாகப் படம் எடுப்பவர் ஒருபோதும் தனித்தனியாக வெட்டவேண்டாம்.

ஆனால் இங்கே வீடுகளில் கிடப்பது புதுப் பிலிம் அல்ல. பழைய ஸ்ரூடியோக்களில் பிரதி போட வசதியாக ஒவ்வொரு படமாக வெட்டி, கடதாசி உறையில் இலக்கம் எழுதி வைத்தார்கள். 1995 இடப்பெயர்வில் அப்பிடியே விட்டுப்போனவை எத்தனையோ. கையில் மிஞ்சிய தனி நெகற்றிவுகளை இழுத்துச் செல்லும் வகை ஹோல்டரில் போட்டால் பிடிப்பே கிடைக்காது. எப்சன் ஹோல்டரில் போட்டால் முன்னும் பின்னும் காற்று, வெட்டிய முனை இரண்டும் சுருளும்.

இதற்குக் கையால் செய்வதுதான் வழி. கறுப்பு மவுண்ட் போட், 1.5 மில்லிமீற்றர் தடிப்பு. பழைய ஹோல்டரை அதன்மேல் வைத்து வெளிவிளிம்பையும் அளவீட்டுத் துவாரத்தையும் கீறி வெட்டுங்கள். படத்துக்கு 57 மில்லிமீற்றர் சதுர யன்னல் ஒன்று. அதன்மேல் இன்னொரு மட்டை, 62 மில்லிமீற்றர் அகலமான கால்வாய் வெட்டியது, ஒட்டவேண்டும். நெகற்றிவ் அந்தக் கால்வாய்க்குள், யன்னலைச் சுற்றியுள்ள இரண்டரை மில்லிமீற்றர் படியில், எமல்ஷன் கீழாக உட்காரும். மேலே 61 மில்லிமீற்றர் அகலத்தில் வெட்டிய மினுங்காத கண்ணாடி, சொரசொரப்புக் கீழே. பிலிமின் உயரம் இப்போது 1.5. உங்கள் ஸ்கானர் கேட்டது 2.8 என்றால் நான்கு மூலையிலும் 1.3 மில்லிமீற்றருக்குத் தாள் அல்லது பிளாஸ்ரிக் துண்டு ஒட்டுங்கள். மட்டையின் வெட்டுமுகம் வெள்ளையாக இருந்தால் கறுப்பு மார்க்கரால் பூசுங்கள், இல்லாவிட்டால் அங்கிருந்து தெறிக்கும் ஒளி படத்தின் ஓரத்தை வெளிற வைக்கும். கத்தி மழுங்கியிருந்தால் தும்பு கிளம்பும், அந்தத் தும்பு ஒவ்வொரு படத்திலும் மயிர்போல நிற்கும். மழைக்கு மட்டை நெளியும் என்பதால் மாரி வந்தால் உயரத்தைத் திரும்பப் பாருங்கள்.

ஸ்ரூடியோ நெகற்றிவ்களில் இன்னொன்று கவனிக்கவேண்டும். முகத்தில் பென்சிலால் ரீரச் (திருத்தம்) செய்திருப்பார்கள், பெரும்பாலும் எமல்ஷன் பக்கத்தில். சாய்வாக வெளிச்சத்தில் பிடித்தால் மெல்லிய கீறல்கள் மினுங்கும். பின்னணியை மறைக்கச் சிவப்பு மை பூசியதும் உண்டு. அவற்றில் ஈரத்துணி, ஸ்பிரிட் ஒன்றும் படக்கூடாது. எமல்ஷன் முன்னால் வெறுங்காற்று என்ற விதி இங்கேதான் இன்னும் உதவும், பென்சில் வேலையில் எதுவும் உரசாது. பூஞ்சணம் பிடித்த நெகற்றிவிலும் தண்ணீர் வேண்டாம். பூஞ்சணம் அரித்த ஜெலற்றின் தண்ணீரில் கரைந்து வந்துவிடும். வினாகிரி மணம் வந்தால் பிலிமின் அசற்றேற் அடி சிதையத் தொடங்கிவிட்டது, பிலிம் சுருங்கி நெளிந்து எந்த ஹோல்டரிலும் அடங்காது. நாள் பார்க்காமல் முதலில் அதை ஸ்கான் செய்யுங்கள், மற்றவற்றோடு சேர்த்தும் வைக்காதீர்கள்.

தூசை அகச்சிவப்பு ஒளியால் அழிக்கும் டிஜிற்றல் ஐஸ் கறுப்பு வெள்ளைக்கு உதவாது. வெள்ளித்துகள் அகச்சிவப்பையும் மறிப்பதால் மென்பொருள் படத்தையே தூசென்று எண்ணி அழிக்கப் பார்க்கும். நிறப் பிலிமுக்கு மட்டும் அதைப் போடுங்கள்.

சுருண்டு அடம்பிடிக்கும் பட்டிகளை உறையில் போட்டு, கனமான புத்தகங்களுக்குக் கீழே ஒரு கிழமை, இரண்டு கிழமை வையுங்கள். அயன் பொட்டியின் பக்கம் போகவே வேண்டாம்.

கமராவால் எடுப்பவருக்கு

முழுச் சட்டகக் கமராவின் சென்சர் உயரம் 24 மில்லிமீற்றர். 56ஐ அதற்குள் அடக்க 0.43 மடங்குப் பெருப்பம் போதும், அதாவது பழைய 1:2 மக்ரோ லென்ஸே காணும். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சர் என்றால் 0.28. 24 மெகாபிக்சல் கமராவில் 6×6க்குக் கிடைப்பது 4000×4000, ஏறத்தாழ 1800 டி.பி.ஐ. 6×9 என்றால் சென்சர் முழுதும் நிறையும். எஃப் 8இல் பிக்சல் அளவில் பார்த்தால் கூர்மை ஒரு மில்லிமீற்றருக்குள்தான் நிற்கும், ஆகவே தட்டை இங்கேயும் அதே தட்டைதான்.

வலோய், நெகற்றிவ் சப்ளை, எசென்ஷியல் பிலிம் ஹோல்டர் என்று பல வகை இருக்கின்றன. முழு றோலாகவோ நீளப் பட்டியாகவோ வைத்திருப்பவருக்கு இவை நல்ல வேகம். ஆனால் கண்ணாடி இல்லாத ஹோல்டரில் பட்டியின் முதல் படமும் கடைசிப் படமும் எப்போதும் கொஞ்சம் கிளம்பும், பிடிக்க அப்பால் பிலிம் இல்லையே. வாங்குவதற்கு முதல் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

கமராவும் பிலிமும் சமாந்தரமா என்று பார்க்க நீர்மட்டத்தை நம்பவேண்டாம். பிலிம் இருக்கும் இடத்தில் சின்ன முகக்கண்ணாடி ஒன்றை வைத்துத் திரையில் பாருங்கள். லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் விழும்வரை கமராவைச் சரிக்கவேண்டும். வெளிச்சத்துக்கு ரப்லெற் வைத்தால் பிலிமை அதற்கு மேலே நாலைந்து சென்ரிமீற்றர் உயர்த்துங்கள், இல்லாவிட்டால் திரையின் பிக்சல்கள் படத்தில் வலையாக விழும். மலிவான எல்.ஈ.டி. பலகை மினுக்கும், கோடு கோடாக வந்தால் ஷட்டரை 1/15க்கோ அதற்கும் கீழேயோ இறக்குங்கள். படத்தைச் சுற்றித் தெரியும் வெற்றுப் பிலிமையும் வெளிச்சத்தையும் கறுப்பு மட்டையால் மறைக்காவிட்டால் ஓரங்கள் வெளிறும். அறை விளக்கை அணையுங்கள். ஃபான் இங்கேயும் நிற்கவேண்டும், இந்தமுறை கமரா ஆடாமல் இருக்க.

ஸ்கானர்க்காரருக்கும் இதுபோல ஒன்று: முன்பார்வையில் தெரிவுக்கோட்டைப் படத்துக்கு உள்ளேயே கீறுங்கள். ஹோல்டரின் கறுப்போ, வெற்றுப் பிலிமோ உள்ளே வந்தால் தானியங்கி வெளிச்சக்கணக்கு அதையும் படமென்று எடுத்துக்கொள்ளும். இருட்டுப் படங்களில் தானாக வெட்டும் சிறுபட முறை அநேகமாகத் தலையையோ காலையோ வெட்டும்.

எமல்ஷனை லென்ஸுக்குக் காட்டியதால் எல்லாப் படமும் இடம்வலம் மாறித்தான் வரும். பட்டியில் ஓரத்து எழுத்துகளைப் பார்த்துத் திருப்பலாம்: எழுத்து நேராக வாசிக்கிற பக்கம்தான் பளபளப்பான பக்கம். ஓரம் நறுக்கிய தனி நெகற்றிவில் எழுத்து இருக்காது. வெளிச்சத்தைச் சரித்து எந்தப் பக்கம் மங்கல், எந்தப் பக்கமாகக் குழிகிறது என்று பாருங்கள், அது எமல்ஷன். அதிலும் சந்தேகம் என்றால் படத்தையே கேட்கலாம். சேலைத் தலைப்பு இடது தோளில் கிடக்கவேண்டும், சேட்டுப் பை இடது நெஞ்சில் இருக்கவேண்டும், பின்னால் கார் நின்றால் இலக்கத்தகடு வாசிக்கவேண்டும்.